உளுத்த கட்டை

இப்போதெல்லாம் ஒரு மனுஷன் தன் வீட்டில் தன் பாட்டுக்குக் கிடக்க முடிவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் உடம்புக்கு ஏதோ என்கிறார்கள். திறந்து வைத்தால் உள்ளே வந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் ஒருவனை இன்னொருவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் நேரில் வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவான். அதில் ஒரு நாணயம் இருந்தது. இப்போது சிரித்துக்கொண்டு வருகிறார்கள். சிரித்துக்கொண்டே கெடுத்துவிட்டு, போகும்போது வாசலில் இனிப்பு ரொட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

தாவெத்தி தன் வீட்டு வாசற்படியில் நின்று அந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கட்டம் போட்ட துணி மூடியிருந்தது. ரைலியின் துணி. ஊர்க் கமிட்டித் தலைவி என்று சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அவள்தான். அவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு மாதா கோவில் இருக்கிற பக்கத்து ஊருக்குப் போய், மனைவியின் கல்லறையில் பூச்செடி நட்டுவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தார். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. கை நகத்தில் இன்னும் கல்லறை மண் இருந்தது.

ரொட்டியைத் தொடாமல் வீட்டைச் சுற்றி நடந்தார். குவியலாகக் கிடந்த விறகு சுவரோரம் அழகாக அடுக்கப்பட்டிருந்தது. புல் வெட்டப்பட்டிருந்தது. கொட்டகைக் கதவின் கீல் புதிது. அவர் நடையை எட்டிப் போட்டார். ஆவிக்குளியல் அறையான சவுனாவின் பின்பக்கம் போய் நின்றார்.

ஏரி தெரிந்தது.

அங்கிருந்து ஏரி தெரியக்கூடாது. அவர் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெரிந்ததில்லை. சவுனாவுக்குப் பின்னால் சதுப்பு, சதுப்பில் நெருக்கமாக பிர்ச் மரமும் ஆல்டர் மரமும், நடுநடுவே தண்ணீரில் வேர் அழுகி நின்றபடியே செத்த மரங்கள். அந்தச் செத்த மரங்கள் ஒன்றுகூட இல்லை. யாரோ சீப்பு வைத்து வாரிவிட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கட்டையும் இல்லை.

அது அவர் நெஞ்சுயரம் நின்ற ஒரு பிர்ச் கட்டை. தலை முறிந்து, உள்ளே ரொட்டி மாதிரி மெத்தென்று உளுத்து, வெறும் வெள்ளைப் பட்டையின் பலத்தில் நின்றது. ஏப்ரலில் பனி உருகிக்கொண்டிருந்தபோதே ஒரு ஜோடி கருந்தொப்பிச் சிட்டு அதைக் குடைய ஆரம்பித்திருந்தது. உள்ளங்கையில் வைத்தால் வைத்த பாரமே தெரியாத பறவை. கரி பூசிய தலை, அழுக்கு வெள்ளைக் கன்னம். அந்த அலகால் மரத்தைக் குடைவது என்றால் சும்மாவா? ஒவ்வொரு சிராயையும் வாயில் கவ்வி, தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும். கட்டைக்கு அடியில் தூள் கிடந்தால் திருடனுக்கு வீடு தெரிந்துவிடும் என்று அதற்குத் தெரியும். எவனையும் நம்பாத பறவை. பனிக்காலத்தில் மற்ற பறவையெல்லாம் தெற்கே ஓடும்போது இது ஓடாது. இலையுதிர் காலத்திலேயே மரப்பட்டை இடுக்கில் ஒளித்து வைத்த விதையைத் தின்றுகொண்டு, உறைந்த காட்டில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கும். அதன் கூப்பாடே திட்டுகிற மாதிரிதான் இருக்கும். மூக்கால் இழுத்து, "த்தே, த்தே, த்தே." தாவெத்திக்கு அதைப் பிடித்ததே அதனால்தான்.

இப்போதும் அதுதான் கேட்டது. தரையோடு அறுத்த அடிக்கட்டைக்கு மேலே, முன்பு பொந்து இருந்த உயரத்தில், வெறும் காற்றில் ஒரு சிட்டு படபடத்து நின்றது. பக்கத்துக் கிளைக்குப் போனது. மறுபடி வந்து அதே காற்றில் படபடத்தது. அலகில் பச்சைப் புழு.

புழு. அப்படியானால் குஞ்சு பொரித்தாகிவிட்டது. கட்டைக்கு உள்ளே தோல் மட்டுமே போர்த்திய குஞ்சுகள். கட்டையோடு போய்விட்டன.

தாவெத்தி பெரிய குரலில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு இன்னொன்று. யார் வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் ரைலி போன் செய்திருந்தாள்.

"தாவெத்தி, சனிக்கிழமை தல்கோ. கரையைச் சுத்தம் பண்ணி, நடுக்கோடை விழாவுக்குச் சொக்கப்பனை அடுக்கறோம். வர்றீங்கல்ல?"

"இல்ல."

"ஏன், முதுகா?"

"இல்ல."

"சரி சரி. புரியுது. நீங்க ஒண்ணும் சொல்லவேணாம்."

என்ன புரிந்ததோ. அந்த ஊரில் தல்கோ என்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் போகவேண்டும். கூலி கிடையாது. காப்பி உண்டு, வேலை முடிந்ததும் நெருப்பில் சுட்ட சாசேஜ் உண்டு. வர முடியாதவன் இருந்தால் தல்கோவே அவன் வீட்டுக்குப் போகும். கால் ஒடிந்தவனுக்கு உருளைக்கிழங்கு நட்டுக் கொடுக்கும், விதவைக்குக் கூரை போட்டுக் கொடுக்கும். வேண்டுமா என்று மட்டும் கேட்கவே கேட்காது. கேட்டால் அவன் வேண்டாம் என்பான், அவன் மானம் போகும். அதனால் அவன் இல்லாத நேரம் பார்த்து வந்து செய்துவிட்டுப் போய்விடுவார்கள். இதைப் பெரிய நாகரிகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கரைக்குப் போகும் பாதையில் இறங்கினார். முதுகு உண்மையிலேயே வலித்தது. அது வேறு கோபத்தைக் கூட்டியது.

கரையில் புகையும் சாசேஜ் வாசனையும். இருபது பேருக்குக் குறையாமல் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சொக்கப்பனை, ஆள் உயரத்துக்கு மேல், மரமும் முள்ளும் பழைய படகுப் பலகையுமாக.

"அதோ பாருங்க, வந்துட்டாரு!" ரைலி கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். "நான் சொன்னேன்ல, நேர்ல வந்து நன்றி சொல்லுவாருன்னு."

"நன்றியா? சாசேஜுக்கு வந்திருக்கான்யா," என்றார் வெய்யோ. ஒரு காலத்தில் தாவெத்தியோடு ஒரே கூட்டத்தில் மரம் வெட்டியவர். மோட்டார்ச் சங்கிலி ரம்பம் இன்னும் காலடியில் இருந்தது. "வேலைன்னா முதுகு கூனும். சாசேஜ்னா தானா நிமிரும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"என் கட்டை எங்கடா?" என்றார் தாவெத்தி.

"எந்தக் கட்டை?"

"சவுனாவுக்குப் பின்னாடி நின்னது."

"அந்த உளுத்த கட்டையா? அதுக்கு ரம்பமே வேண்டாம்யா, பக்கத்துல நின்னு தும்மியிருந்தாலே விழுந்திருக்கும். சொக்கப்பனைல போட்டாச்சு. இப்ப பாரு, சவுனால உக்காந்து ஏரியப் பாக்கலாம். அரண்மனைல கூட கிடையாது."

"அதுக்குள்ள குஞ்சு இருக்குடா, கழுதை."

சிரிப்பு நின்றது. ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன குஞ்சு?" ரைலி கேட்டாள்.

"கருந்தொப்பிச் சிட்டு. பொரிச்சிருக்கு. தாய் அங்க புழுவ வாயில வெச்சுக்கிட்டு வெறுங்காத்துல முட்டிக்கிட்டு இருக்கு. நீங்க இங்க சாசேஜ்ல கடுகு விழுதத் தடவித் தின்னுங்க."

"நாமதான் ஊர் பூரா கூண்டுப் பெட்டி அடிச்சு வெச்சிருக்கோமே, தாவெத்தி? போன தல்கோவுல. பச்சைப் பெயின்ட் அடிச்சு."

"உன் பெட்டி எவனுக்கு வேணும்? அதுல பெருஞ்சிட்டுதான் குடியேறுது. குடியேறிட்டு இதைத் துரத்துது. இது தானே குடைஞ்ச பொந்துலதான் முட்டை போடும். அதுக்கு உளுத்த மரம் வேணும். உங்களுக்கு உளுத்த மரத்தைக் கண்டா கை அரிக்குது."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற, நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார்: "நடுக்கோடை விழாவுக்கு இன்னும் நாள் இருக்கே. கொளுத்தறதுக்குள்ள அதுங்க பறந்து போயிடும்ல?"

தாவெத்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதுவரைக்கும் யார் ஊட்டுவா? நீ ஊட்டுவியா? புழுவ வாயில கவ்விக்கிட்டு அந்தக் குவியலுக்குள்ள பூந்துடறியா?"

புதியவர் காப்பியைக் குடித்தார்.

"குவியலைப் பிரிங்க," என்றார் தாவெத்தி.

அப்போதுதான் முணுமுணுப்பு கிளம்பியது. காலையிலிருந்து அடுக்கியது. ஒரு குருவிக்காக முழுதும் பிரிப்பதா? எந்தப் பக்கம் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? போட்ட வேகத்தில் நசுங்கியிருக்கும். அந்தப் பேச்செல்லாம் அவர் காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் போய் மேலே கிடந்த ஒரு மரத்தைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. மறுபடி இழுத்தார்.

ரைலி வந்து எதிரே நின்றாள். அவள் முகமும் சிவந்திருந்தது.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாம்ல? 'அந்தக் கட்டையத் தொடாதீங்க'ன்னு? சொன்னா என்ன, பல்லு விழுந்துடுமா?"

"என் இடத்துல வந்து வெட்டப்போறேன்னு நீ சொன்னியா?"

"கேட்டா சங்கடப்படுவீங்கன்னுதான்..."

"கேட்டிருந்தா நான் ஏன் சங்கடப்படப்போறேன்? இப்பதான் படறேன்."

"எல்லாரும் லீவு நாள்ல வந்து உங்களுக்காக முதுகு ஒடிய வேலை செஞ்சிருக்காங்க. இப்படிப் பேசறீங்களே, மனசுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

"என்ன சொல்லணும் உங்ககிட்ட? ஒருதரம் சொன்னேன்ல? தீவுல முக்குளிப்பான் கூடு கட்டியிருக்குன்னு வாய்தவறிச் சொன்னேன். என்ன செஞ்சீங்க? படகு படகா ஏறிப் போனீங்க. காப்பி ஃபிளாஸ்க்கோட. பாவம், பறவை எப்படி உக்காந்திருக்கு பாருன்னு மூணு சாயங்காலம் சுத்திச் சுத்திப் பாத்தீங்க. நாலாம் நாள் முட்டை சில்லுனு கிடந்துச்சு. துடுப்புப் போட்டது யாரு? சொல்லேன், யாரு?"

துடுப்புப் போட்டது ரைலிதான். அவள் கோப்பையைக் கல் மேல் வைத்துவிட்டு, அவர் இழுத்துக்கொண்டிருந்த மரத்தின் இன்னொரு முனையைப் பிடித்தாள்.

"என்ன வேடிக்கை? பிடிங்க," என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

அதற்குப் பிறகு அது இன்னொரு தல்கோ ஆகிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். வரிசையாக நின்று மரத்தைக் கைமாற்றினார்கள். "மெதுவா, மெதுவா," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தாவெத்திக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. இந்த மெதுவை மத்தியானம் எங்கே வைத்திருந்தார்கள்?

"வடக்குப் பக்கம்," என்றார் வெய்யோ. "நான்தான் போட்டேன். ஒரு ஜூனிப்பர் புதர் மேல."

அங்கேயே கிடந்தது. சாய்ந்து, பொந்து பக்கவாட்டில் இருக்க, அடியில் ஜூனிப்பர் மெத்தை போலத் தாங்கியிருந்தது. உச்சியில் ஒரு விரிசல். பட்டை மட்டும் விடாமல் பிடித்திருந்தது. தாவெத்தி மண்டியிட்டு, கட்டையை ஒரு குழந்தையைத் தூக்குவது போல நிமிர்த்தி, பொந்தில் காதை வைத்தார். ஏரி அலையும் நெருப்புச் சடசடப்பும் கேட்டன. உள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

"செத்துப்போச்சா?" ரைலி கேட்டாள்.

"வாய மூடு."

தன் கோட்டைக் கழற்றிக் கட்டையைச் சுற்றினார். டிராக்டர் கொண்டு வரட்டுமா என்று யாரோ கேட்டதற்கு அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஆள் இரண்டடி பின்வாங்கினார். வெய்யோ ஒன்றும் கேட்காமல் கட்டையின் அடியில் கை கொடுத்தார். இரண்டு பேரும் அதை நின்றவாக்கில் பிடித்துக்கொண்டு, குலுங்காமல், பாதையில் ஏறினார்கள். கொசு முகத்தில் மொய்த்தது. விரட்டக் கை இல்லை.

பாதி வழியில் வெய்யோ சொன்னார்: "அறுக்கும்போது உள்ள இருந்து உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சுய்யா. பாம்பு மாதிரி. சங்கிலிக்கு எண்ணெய் பத்தலன்னு நெனச்சேன்."

தாவெத்தி நின்றார். நடந்தார்.

"அது அவ," என்றார். "குஞ்சு மேல உக்காந்துக்கிட்டு உன்னை விரட்டியிருக்கா. ரம்பம் கிட்ட வர்ற வரைக்கும் வெளிய வரலை."

"எண்ணெய் ஊத்தினேன்," என்றார் வெய்யோ. "நிறுத்தி எண்ணெய் ஊத்திட்டு, மறுபடி அறுத்தேன்."

தாவெத்திக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. இரண்டு கையிலும் கட்டை இருந்தது.

அடிக்கட்டை மேல் வைத்துப் பார்த்தார்கள். வெய்யோ எப்போதும் கொஞ்சம் சாய்த்துத்தான் அறுப்பார். அந்தக் காலத்தில் அதற்காகக் கங்காணியிடம் திட்டு வாங்கியவர். அந்தச் சாய்வில் மேல்கட்டை மூடியைப் போல ஒரே வாக்கில்தான் உட்கார்ந்தது. பொந்து சவுனாச் சுவரைப் பார்த்தது, முன்பு போலவே. பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, மீன்வலைக் கயிற்றால் மூன்று இடத்தில் கட்டினார்கள். விரிசலுக்கு மேலே பட்டைத் துண்டு வைத்துச் சுற்றினார்கள். தாவெத்தி கோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

தல்கோ முழுவதும் பின்னால் நின்றுகொண்டிருந்தது. புல்வெளியில், அரைவட்டமாக, சிலர் கையில் சாசேஜோடு. இரண்டு பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

"உங்களுக்கு யாருக்காச்சும் மண்டைக்குள்ள ஏதாச்சும் இருக்கா?" என்றார். "கோயில் திருவிழாவா நடக்குது? போங்க! அந்தப் பக்கம் போங்க!"

அவர்கள் சவுனாவின் மறுபக்கம் போனார்கள். அங்கிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் மறுபடி விரட்டினார். கொட்டகை வரை போனார்கள். கிசுகிசுப்பு மட்டும் நிற்கவில்லை.

சிட்டு வெகுநேரம் வரவில்லை. ஆல்டர் மரத்தில் எங்கோ "த்தே, த்தே" என்றது. பிறகு அதுவும் இல்லை. தாவெத்தி சவுனாச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றார். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று சட்டைக்குள் புகுந்தது. முன்பு அந்தக் காற்றை மரங்கள் தடுத்துக்கொண்டிருந்தன. பொந்துக்குள்ளும் அதே குளிர்தான்.

பிறகு ஒன்று வந்தது. அலகில் புழு. கயிற்றைச் சந்தேகமாகப் பார்த்தது. கம்பியில் உட்கார்ந்து திட்டியது. பொந்து வாயில் தொற்றி, தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, சட்டென்று உள்ளே மறைந்தது.

கொட்டகைப் பக்கம் இருபது பேரும் கை தட்டினார்கள்.

சிட்டு கல்லெறிந்த மாதிரி வெளியே பாய்ந்தது. அலகில் புழு அப்படியே இருந்தது. சதுப்புக்குள் போய் மறைந்தது.

தாவெத்தி அவர்களை நோக்கி நடந்த நடையைப் பார்த்து முன்வரிசை கலைந்தது. ஆனால் அவர் எதுவும் சொல்லும் முன்பே ரைலி திரும்பி, தன் ஆட்களைத் தானே பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். "கையைக் கட்டுங்க! கையைக் கட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போங்க! முட்டாப் பசங்களா, இதென்ன விளையாட்டு மைதானமா? நீயும்தான், அந்தப் போனை உள்ள வை." அவர்கள் போனார்கள். வெய்யோவும் போனார். அவள் மட்டும் கொட்டகையோரம், வாயைப் பொத்தியபடி நின்றாள்.

இந்தத் தடவை இன்னும் நேரமானது. சிட்டு வந்தது. கம்பியில் உட்காரவில்லை, நேரே பொந்துக்குள் போனது. உள்ளே இருந்தது. வெளியே வந்தபோது புழு இல்லை. அதற்குப் பதிலாக அலகில் வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை. குஞ்சின் எச்சம். அதைக் கவ்விக்கொண்டு சதுப்பைத் தாண்டிப் பறந்து தூரத்தில் போட்டது.

செத்த குஞ்சு எச்சமிடாது.

"என்னது அது, வாயில?" ரைலி பூனை மாதிரி நடந்து பக்கத்தில் வந்திருந்தாள்.

"பீ," என்றார். "ஒண்ணாவது உசிரோட இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்தாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. எத்தனை குஞ்சு இருந்தது, எத்தனை மிச்சம் என்று அவளுக்குத் தெரியுமா? அவருக்கும் தெரியாது.

"இனிமே இங்க ஒரு குச்சியக் கூடத் தொடமாட்டோம், தாவெத்தி. அடுத்த கூட்டத்துலயே பேசி எழுதி வெச்சிடறேன். வேணும்னா ஒரு அறிவிப்புப் பலகை நடலாம், பறவை படம் போட்டு. உளுத்த மரம் கூட வேற எங்கயாவது இருந்து கொண்டுவந்து, வரிசையா, அழகா..."

"வரிசையா," என்றார் அவர்.

"வேணாம்னா வேணாம். பலகையும் வேணாம். சத்தியமா சொல்றேன், கேக்காம இந்தப் பக்கம் காலே வெக்கமாட்டோம்." அவள் கையை நீட்டினாள். "நம்புங்க."

அந்தக் கையை அவர் பார்த்தார். மரப்பிசினும் கரியும் படிந்த, நல்ல உழைப்பாளியின் கை. அவள் சொல்வது பொய் இல்லை; இன்றைக்குப் பொய் இல்லை. ஆகஸ்டில் அவர் புல் வெட்டாமல் விட்டால் அவளுக்கு மறுபடி ஏதோ புரியும். பனிக்காலத்தில் புகைபோக்கியில் ஒருநாள் புகை வராவிட்டால் பத்துப் பேருக்கு ஏதோ புரியும்.

"மத்தியானமும் நல்ல மனசோடதான் வந்தீங்க," என்றார்.

அவள் கை நீண்டபடியே இருந்தது. அவர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைச் சுற்றி, பறவையின் பாதைக்கு விலகி, சவுனாவின் மறுபக்கமாக நடந்து போனார்.